ஆயில் ரிப்போர்ட்டில் டர்போ எங்கே?

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவர் ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் மேசையில் விரித்தார். ரிக்கில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரை ஓட்டும் என்ஜினின் ஆயிலைச் சோதனைக்கு அனுப்பி வாங்கிய ரிப்போர்ட். அதற்கு முந்தைய வருடம் அவருடைய இன்னொரு ரிக்கில் டர்போ உடைந்து, அந்த சீசனில் பாதி போர்வெல் வேலை கைவிட்டுப் போயிருந்தது. அதன்பிறகுதான் இந்தச் சோதனையெல்லாம் தொடங்கினார். மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, டர்போவுக்குன்னுதானுங்க இந்த டெஸ்ட்டே எடுக்கறேன். இதுல டர்போன்னு ஒரு வரிகூடக் காணோமே?"

நியாயமான கேள்வி. எந்த ஆயில் ரிப்போர்ட்டிலும் டர்போ என்று ஒரு வரி இருக்காது. இரும்பு, செம்பு, ஈயம், வெள்ளீயம், அலுமினியம், சிலிக்கான் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும், எதிரே எண்கள். அதற்குக் கீழே ஆயிலின் கெட்டித்தன்மை, கரி, தண்ணீர், டீசல் கலப்பு. ஆய்வகத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆயிலில் மிதக்கும் செம்புத் துகளின் மேல் 'நான் டர்போவிலிருந்து வருகிறேன்' என்று எழுதியிருக்காது. எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது ரிப்போர்ட்டைப் படிப்பவரின் வேலை. எப்படி ஊகிப்பது, எந்த அளவுக்கு அதை நம்பலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

டர்போவுக்குள் எது தேய்ந்தால் ஆயிலில் விழும்

டர்போ என்பது ஒரே தண்டின் இரண்டு முனையிலும் இரண்டு சக்கரம். ஒரு முனையில் சைலன்சருக்குப் போகும் சூடான புகை டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. நிறையக் காற்று போனால் நிறைய டீசலை எரிக்கலாம். அதே அளவு என்ஜினில் கூடுதல் இழுவை கிடைக்கும்.

இதில் நம்மை வியக்க வைப்பது வேகம். லாரி என்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றும்போது, அதன் டர்போ தண்டு ஒரு லட்சம் சுற்றைத் தொட்டுவிடும். கார்களில் இருக்கும் சின்ன டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும். இந்த வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் சில நொடிகூடத் தாங்காது. தண்டைத் தாங்குவது ஆயில்தான். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே தண்டை மூடியிருக்கும் நடுக்கூட்டில், தண்டைச் சுற்றி வளையம் மாதிரி இரண்டு புஷ் இருக்கும். பெரும்பாலான டர்போக்களில் அந்த புஷ்ஷும் இறுக்கமாக அடித்து உட்கார வைத்தது கிடையாது. உள்ளே தண்டுக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆயில் படலம், வெளியே கூட்டுக்கும் தனக்கும் நடுவே இன்னொன்று என்று அதுவும் மிதந்துகொண்டு தண்டைவிட மெதுவாகச் சுற்றும். தண்டு முன்பின் நகராமல் பிடிக்க ஒரு த்ரஸ்ட் பேரிங். புஷ்ஷும் த்ரஸ்ட்டும் வெண்கலம் அல்லது பித்தளை வகை, செம்புதான் பெரும்பங்கு. தண்டு எஃகு. நடுக்கூடு வார்ப்பிரும்பு. கம்ப்ரசர் சக்கரம் பெரும்பாலும் அலுமினியம். டர்பைன் சக்கரம், 600, 700 டிகிரி சூட்டைத் தாங்கும் நிக்கல் கலவை.

இந்த இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். நடுக்கூட்டில் தேய்வது மட்டும்தான் நேராக ஆயிலில் விழும். அங்கே சுற்றிய ஆயில் கீழே டிரெய்ன் பைப் வழியாகச் என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குத் திரும்பும். கூடவே செம்பும் இரும்பும் வரும். டர்பைன் சக்கரம் அரிந்தால் அந்தத் துகள் புகையோடு சைலன்சர் வழியாக வெளியே போய்விடும், ஆயிலுக்கு வராது. கம்ப்ரசர் சக்கரம் கூட்டில் உரசினால் அலுமினியத் தூள் காற்றோடு, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தாண்டி சிலிண்டருக்குள் போகும். அதில் பெரும்பகுதி புகையோடு போக, கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் சேரலாம். ஆகவே 'ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, டர்போவும் நன்றாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரிப்போர்ட் நன்றாக இருந்தால் நடுக்கூட்டில் பெரிய தேய்மானம் கண்ணில் படவில்லை என்று பொருள். சக்கரங்களைப் பற்றி அந்தக் காகிதம் வாயே திறக்கவில்லை.

அந்த எண் எப்படி வருகிறது

இந்த முறை ரயில்வேக்காரர்கள் கண்டது. 1946-இல் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஆய்வகம், டீசல் என்ஜினின் பழைய ஆயிலில் இருக்கும் உலோகத்தை அளந்து, என்ஜினைப் பிரிக்காமலே உள்ளே என்ன தேய்கிறது என்று சொல்லிக் காட்டியது. அப்புறம் அமெரிக்கக் கடற்படை, விமானப்படை என்று பரவியது. நம் ஊர் ரயில்வே டீசல் ஷெட்களிலும் ஸ்பெக்ட்ரோ ஆய்வகம் என்று ஓர் அறை இருக்கும். லோகோவின் ஆயில் மாதிரி அங்கே தவறாமல் போகும். லாரிக்காரர்களுக்குத்தான் இது இன்னும் புதுசு.

செய்முறை இதுதான். துளி ஆயிலைச் சூரியன் மேற்பரப்பு அளவுக்குச் சூடான பிளாஸ்மாப் பிழம்பிலோ மின்பொறியிலோ எரிப்பார்கள். ஒவ்வொரு உலோகமும் எரியும்போது தனக்கே உரிய நிறத்தில் ஒளி விடும். வாணவேடிக்கையில் பச்சை, சிவப்பு வருவதற்குப் பின்னால் இருப்பதும் இதே சங்கதிதான். எந்த நிறம் எவ்வளவு பிரகாசம் என்று கருவி அளந்து, பி.பி.எம். கணக்கில் எண்ணாகக் கொடுக்கும். ஒரு பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு கிலோ ஆயிலில் ஒரு மில்லிகிராம்.

கருவிக்கு ஒரு குறை உண்டு. சுமார் 5 முதல் 8 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் முழுதாக எரியாது. கணக்கில் சரியாக ஏறாது. நம் தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் பக்கம் இருக்கும் என்பதால் 8 மைக்ரான் எவ்வளவு பொடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாள்பட மெதுவாகத் தேயும் தேய்மானம் இந்தப் பொடி அளவில்தான் இருக்கும், அதை ரிப்போர்ட் நன்றாகப் பிடிக்கும். திடீரென்று ஆயில் வராமல் புஷ் பிடித்து, செதில் செதிலாகக் கழன்றால் அதைக் கோட்டைவிடும். செம்பு எண் சாதாரணமாக இருந்த என்ஜினில் டர்போ போய்விட்டது என்று யாராவது ஆயில் டெஸ்ட்டைத் திட்டினால், பாதி சமயம் நடந்தது இதுவாக இருக்கும்.

அதற்குச் செலவில்லாத மாற்று வழி ஒன்று உண்டு. மாற்றிய ஆயில் ஃபில்டரைத் தூக்கி எறியாமல், அறுத்து, மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். பொன்னிறத்தில் மினுக்கும் செதில், காந்தத்தில் ஒட்டாதது, செம்புக் கலவை. ஒட்டினால் இரும்பு. சில ஆய்வகங்கள் காந்தத்தில் இழுபடும் துகளைத் தனியாக அளந்து பி.க்யூ. என்று ஓர் எண் தருவார்கள். அது இருந்தால் அதையும் பாருங்கள்.

கொஞ்சம் கணக்கு

டர்போ புஷ் உள்ளங்கையில் வைத்தால் மோதிரம் மாதிரி இருக்கும். இத்தனை சின்னப் பொருள் தேய்ந்தால் அத்தனை ஆயிலில் தெரியுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ரிக் கம்ப்ரசர் என்ஜினில் 40 லிட்டர் ஆயில் என்று வையுங்கள். லிட்டருக்கு 0.87 கிலோ வீதம் ஏறக்குறைய 35 கிலோ. ஆகவே 1 பி.பி.எம். என்றால் மொத்த ஆயிலிலும் சேர்த்து 35 மில்லிகிராம். வழக்கமாக 7 வரும் செம்பு இந்த முறை 22 வந்திருக்கிறது. கூடுதலாக 15. அதாவது அரை கிராம் செம்பு. வெண்கலத்தில் செம்பு ஐந்தில் நான்கு பங்கு என்று கொண்டால், தேய்ந்துபோன வெண்கலம் 0.65 கிராம் பக்கம். கன அளவில் எழுபது சொச்சம் கன மில்லிமீட்டர்.

இது முழுக்க டர்போ புஷ்ஷிலிருந்து வந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உள் விட்டம் 15 மில்லி, வெளி விட்டம் 22 மில்லி, நீளம் 12 மில்லி. அப்படி இரண்டு புஷ். உள்ளும் வெளியும் சேர்த்து மேற்பரப்பு 2,800 சதுர மில்லிமீட்டர் அளவுக்கு வரும். எழுபதை அதன்மேல் பரப்பினால் எல்லா முகத்திலும் 25 மைக்ரான் போயிருக்கிறது. தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அதில் இவ்வளவு கூடினால் தண்டு ஆட ஆரம்பிக்கும், சக்கரத்தின் ஓரம் கூட்டைத் தொடும். அந்த டர்போவுக்கு நாள் எண்ண வேண்டியதுதான்.

இதே அரை கிராம் செம்பு கிராங்க்கின் மெயின் பேரிங்கிலிருந்து வந்திருந்தால்? ஏழு பேரிங், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அந்தப் பரப்பின்மேல் பரப்பிப் பார்த்தால் ஒரு மைக்ரான்கூட முழுதாக வராது. ஒன்றுமே ஆகவில்லை என்று அர்த்தம்.

எண் ஒன்றுதான். டர்போவிலிருந்து வந்தால் அது மரண அறிவிப்பு, மெயின் பேரிங்கிலிருந்து வந்தால் வெறும் தூசு. அதனால்தான் 'செம்பு இத்தனை தாண்டினால் ஆபத்து' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அட்டவணைகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. அதே என்ஜின் போன தடவை என்ன சொன்னது, இந்தத் தடவை என்ன சொல்கிறது என்பதுதான் விஷயம். பெரிய என்ஜினில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். ரயில் லோகோவில் நூற்றுக்கணக்கான லிட்டர் ஆயிலில் டர்போவின் செம்பு கரைந்து காணாமல் போகும். டீசல் லோகோவில் என்ஜினை நிறுத்தியபின் டர்போ எத்தனை நொடி சுற்றி ஓய்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்ப்பார்கள். காகிதத்தை மட்டும் நம்பி உட்காருவதில்லை.

யார் யார் சேர்ந்து வருகிறார்கள்

ஒரு உலோகம் தனியாக உயர்ந்தால் அவசரப்படக் கூடாது. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

செம்பிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் டர்போ என்று பதறுபவர்கள் எல்லாரும் பார்ப்பது அதைத்தான். டர்போ புஷ்ஷைத் தவிர, ராக்கர் புஷ், பிஸ்டன் பின் ஏறும் சின்ன முனை புஷ், டைமிங் கியரின் புஷ் என்று செம்புக் கலவை என்ஜினுக்குள் பல இடத்தில் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செம்புச் சுரங்கம் ஆயில் கூலர். புது என்ஜினில், அல்லது ஒரு கம்பெனி ஆயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதும், கூலரின் செம்புக் குழாயோடு ஆயிலின் வேதிப்பொருள் வினைபுரிந்து செம்பு எண் நூறு, இருநூறு என்றுகூட ஏறும். பார்த்தால் நெஞ்சு பகீர் என்னும். இரும்பு அசையாது, ஈயம் அசையாது, வெள்ளீயம் அசையாது, செம்பு மட்டும் தனியாக ஏறியிருக்கும். எதுவும் தேயவில்லை, குழாயின் உள்முகம் கரைகிறது, இரண்டு மூன்று ஆயில் மாற்றத்தில் தானாக இறங்கிவிடும். இப்படி ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து நல்ல டர்போவைக் கழற்றிய பட்டறைகளை எனக்குத் தெரியும்.

செம்போடு வெள்ளீயமும் கொஞ்சம் ஏறினால் அது வெண்கலம். ஏதோ ஒரு புஷ் தேய்கிறது. கூடவே இரும்பும் ஏறினால் புஷ்ஷோடு தண்டும் உராய்கிறது. டர்போ இங்கேதான் சந்தேகப் பட்டியலுக்குள் வருகிறது. ஈயம் முதலில் ஏறி, அப்புறம் செம்பு வந்தால் கதை வேறு: மெயின், கனெக்டிங் ராடு பேரிங்குகளின் மேல்பூச்சு பல என்ஜின்களில் ஈயம் கலந்தது, அது தேய்ந்தபின் அடியில் இருக்கும் செம்பு அடுக்கு வெளியே வரும். சில டர்போ புஷ்களிலும் ஈயம் உண்டு என்பதால் இதை வேத வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் டர்போ புஷ் பித்தளையாக இருந்தால் துத்தநாகம் தெரியுமே என்று கேட்கலாம். தெரியாது. என்ஜின் ஆயிலிலேயே தேய்மானத் தடுப்பு மருந்தாகத் துத்தநாகம் ஆயிரம் பி.பி.எம். கணக்கில் கலந்திருக்கிறார்கள், அந்தக் கடலில் நம் பித்தளை ஒரு குவளை.

சோடியமும் பொட்டாசியமும் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது என்று நினையுங்கள். பொட்டாசியமும் அலுமினியமும் மட்டும் ஜோடியாக வந்து, இன்டர்கூலரும் புதுசு என்றால், அதைப் பற்றவைத்தபோது பூசிய பொருளின் மிச்சமாக இருக்கலாம், விட்டுவிடலாம்.

அடுத்தது சிலிக்கான். எனக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்க அனுமதி என்றால், டர்போவுக்காகவும் நான் செம்பைப் பார்க்க மாட்டேன், சிலிக்கானைத்தான் பார்ப்பேன். சிலிக்கான் என்றால் மண். ஆயிலில் மண் என்றால் ஏர் ஃபில்டரைத் தாண்டி, அல்லது ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே எங்கோ ஒரு ஓட்டையில், தூசிக் காற்று உள்ளே போகிறது. அந்த மண் முதலில் மோதும் பொருளே கம்ப்ரசர் சக்கரம்தான். அப்புறம் சிலிண்டருக்குள் போய் சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கிறது. இரும்பும் குரோமியமும் ஏறுகின்றன. ஆயிலில் இறங்கி, சுற்றிச் சுற்றி, மறுபடி டர்போவின் நடுக்கூட்டுக்கே வந்து புஷ்ஷை அரைக்கிறது. டர்போவுக்கு இரண்டு பக்கமும் அடி. மண்ணில் அலுமினியமும் கலந்திருப்பதால் சிலிக்கானோடு அலுமினியம் கொஞ்சம் ஏறுவது இயல்பு. உடனே கம்ப்ரசர் சக்கரம் உரசுகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். சமீபத்தில் கேஸ்கெட் போட்டு சிலிக்கோன் பேஸ்ட் தடவியிருந்தாலும் சிலிக்கான் ஏறும். அப்போது இரும்பு கூட வராது. பேஸ்ட் எதையும் தேய்க்காதே.

செம்பு ஏறுவது, டர்போ ஏற்கெனவே தேய்ந்துவிட்டது என்று சொல்லும் செய்தி. சிலிக்கான் ஏறுவது, இனிமேல் தேயப் போகிறது என்று சொல்லும் செய்தி. எனக்கு இரண்டாவதுதான் காசுக்கு உகந்ததாகப் படுகிறது.

டர்போவைக் கொல்லும் மற்றவையும் இதே காகிதத்தில்தான் இருக்கின்றன. 15டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரியில் 12.5க்குக் குறையாமல், 16.3க்குள் இருக்க வேண்டும். அது கெட்டித்தன்மையின் அளவு. டீசல் ஆயிலில் கலந்தால் இந்த எண் இறங்கும், படலம் மெலியும், ஒரு லட்சம் சுற்றில் சுற்றும் தண்டுக்கு அது பத்தாது. கரி சேர்ந்தால் எண் ஏறும், ஆயில் கூழாகி டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயில் தாமதமாகப் போய்ச் சேரும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டிகளில், சைலன்சரில் சேரும் கரியை எரிக்கக் கூடுதல் டீசல் தெளிக்கும் வகைகளில் அந்த டீசலில் கொஞ்சம் ஆயிலுக்கும் இறங்கும். இரண்டும் ஒன்றாக நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்: கரி ஏற்ற, டீசல் இறக்க, கெட்டித்தன்மை பதினான்கு என்று அழகாக நிற்கும். ஆயில் கெட்டிருக்கும், எண் மட்டும் நன்றாக இருக்கும். அதனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல், கரியும் டீசல் கலப்பும் தனித்தனியாக எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு கொலையாளி ரிப்போர்ட்டில் அவ்வளவாக அகப்படாது. முழு லோடில் ஓடிய என்ஜினை டக்கென்று அணைத்தால், ஆயில் நின்றுவிடும். பழுக்கக் காய்ந்த டர்பைன் பக்கத்துச் சூடு நடுக்கூட்டுக்குள் இறங்கி, அங்கே நின்ற ஆயிலைத் தீய்த்துக் கரிக்கட்டியாக்கும். அந்தக் கட்டி அங்கேயே ஒட்டிக்கொள்ளும், சோதனைக்குப் பிடிக்கும் பாட்டிலுக்கு வராது. ஆயில் சூட்டில் கெடுவதைக் காட்டும் ஆக்சிடேஷன் என்ற எண் கொஞ்சம் ஏறினால் உண்டு. அணைக்கும் முன் மூன்று நிமிடம் ஐடிலில் விடச் சொன்னால், "மூணு நிமிஷ டீசலை யாருங்க கொடுக்கறது" என்பார்கள். டர்போ விலையைச் சொன்னபின் அந்தக் கேள்வி வராது.

பாட்டிலில் பிடிப்பது

ரிப்போர்ட்டில் பாதித் தவறு ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டிலில், ரோட்டோரத்தில், காற்றடிக்கும்போது பிடித்த ஆயிலில் சிலிக்கான் இல்லாமல் எப்படி இருக்கும்? ஆய்வகம் கொடுக்கும் சுத்தமான பாட்டிலையே பயன்படுத்துங்கள். என்ஜின் ஓடிச் சூடாக இருக்கும்போது, நின்ற சில நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். இரவெல்லாம் நின்றால் துகள் அடியில் படிந்துவிடும். டிரெய்ன் பிளக்கைத் திறந்து எடுப்பதென்றால் முதலில் வருவதை விட்டு, நடுவில் ஓடும்போது பிடியுங்கள். டிப்ஸ்டிக் குழாயில் சிறு பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது இன்னும் நல்லது.

பாட்டிலின் மேல் மூன்று எண் எழுதாமல் அனுப்பாதீர்கள்: என்ஜின் மொத்தம் ஓடியது, இந்த ஆயில் ஊற்றியபின் ஓடியது, இடையில் எத்தனை லிட்டர் டாப்-அப் செய்தது. கடைசி எண்ணை யாரும் எழுதுவதில்லை. 40 லிட்டரில் 10 லிட்டர் புது ஆயில் ஊற்றியிருந்தால் எல்லா உலோகமும் குறைவாகத்தான் தெரியும். தேய்மானம் குறைந்தது என்று சந்தோஷப்பட்டுவிடுவோம். அதே மாதிரி 250 மணி நேரத்தில் வந்த 20-ம், 500 மணி நேரத்தில் வந்த 20-ம் ஒன்று கிடையாது.

திருச்செங்கோட்டுக்காரரின் காகிதம்

சரி, அவர் விரித்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்த மூன்று மாதிரி அதில் அடுத்தடுத்து இருந்தன. சிலிக்கான் 9, 14, 38. இரும்பு 28, 35, 71. குரோமியம் 1, 2, 5. அலுமினியம் 4, 6, 15. செம்பு 6, 7, 22. வெள்ளீயம் 1, 1, 3. ஈயம் 2, 2, 3. சோடியம் அசையவில்லை. கெட்டித்தன்மை 14-ஐ ஒட்டி, கரி ஒரு சதவீதத்துக்குள்.

தண்ணீர் கலக்கவில்லை, டீசல் கலக்கவில்லை, ஆயில் கெடவில்லை. ஈயம் சும்மா இருக்கிறது, ஆகவே மெயின் பேரிங் மேல் சந்தேகம் இல்லை. சிலிக்கான் நான்கு மடங்கு. கூடவே இரும்பு, குரோமியம், அலுமினியம்: லைனரையும் ரிங்கையும் மண் அரைக்கிறது. செம்பு வெள்ளீயத்தோடு சேர்ந்து ஏறியிருக்கிறது, ஆகவே கூலர் கரையவில்லை, ஏதோ ஒரு புஷ் தேய்கிறது. எந்த புஷ் என்று காகிதம் சொல்லாது. ஆனால் மண் உள்ளே வரும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பது டர்போ. அதைச் சொல்லிவிட்டு, இரண்டாவது மாதிரியின் எண்களைக் காட்டினேன். சிலிக்கான் 9-லிருந்து 14 ஆனபோதே டர்போவுக்குக் காற்று போகும் ஹோஸைப் பார்த்திருந்தால் செம்பு ஏறியிருக்காது என்று சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது.

மறுநாள் பட்டறையில் ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றினார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கிளிப் இறுக்கிய இடத்துக்கு அடியில், கிளிப் மறைத்துக்கொண்டிருந்த பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. ஹோஸின் உள்பக்கம் விரலை வைத்து இழுத்தால் பாறைத் தூள் சாம்பல் நிறத்தில் கோடாக வந்தது. போர் போடும்போது பறக்கும் அதே தூள். கம்ப்ரசர் சக்கரத்தின் இறகுகள் காற்று நுழையும் ஓரத்தில், கத்தி மாதிரி இருக்க வேண்டியவை, தேய்ந்த சோப்புப் போல உருண்டிருந்தன.

பட்டறைக்கார அண்ணன் தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்து, "ஆட்டம் இருக்கு, போச்சு" என்றார். இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஆயில் படலத்துக்காக விட்ட இடைவெளியால், நின்றிருக்கும் நல்ல டர்போவும் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். முன்பின்னாக எவ்வளவு நகர்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து, அந்த டர்போவின் கையேட்டில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். அளந்தார்கள், அளவைத் தாண்டித்தான் இருந்தது. டிரெய்ன் பைப்பையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அதில் அடைப்பு இருந்தால், அல்லது என்ஜினில் ப்ளோ-பை, அதாவது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் புகை, அதிகமிருந்தால், ஆயில் கீழே இறங்க வழியில்லாமல் இரண்டு முனையிலும் கசியும். நீலப் புகை வரும். டர்போ போய்விட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். டர்போவில் ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன வளையம்தான் இருக்கிறது. அதனால் கசிவைப் பார்த்து டர்போவை மாற்றினால், புது டர்போவும் மறுநாளே கசியும். இவருடைய பைப் சுத்தமாக இருந்தது.

டர்போவின் நடுப்பகுதியை முழுசாக மாற்றி, ஹோஸையும் கிளிப்பையும் புதுசு போட்டு, ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார்கள். கழற்றிய புஷ்ஷை அவர் கேட்டு வாங்கிப் போனார். வட்டம் வட்டமாகக் கீறல் விழுந்த அந்த மோதிரம் இப்போது அவருடைய ஆபீஸில் விசிட்டிங் கார்டுகளின் மேல் வெயிட்டாக உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த 250 மணி நேரத்தில் எடுத்த மாதிரியில் சிலிக்கான் 11, செம்பு 8, வெள்ளீயம் 1. இரும்பு மட்டும் 44-இல் நின்றது. மண் அரைத்த லைனரும் ரிங்கும் அப்படியேதானே இருக்கின்றன. "அப்போ அடுத்த செலவு இதுக்குங்களா?" என்று போனில் கேட்டார். இன்னும் இரண்டு மாதிரி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.